கோபுர வரியும் கும்பினிச் செல்வாக்கும்

சங்கரன்கோவிலில் கோபுரம் என்றால் கோமதியம்மனைத் தரிசிக்க வரும் ஜனங்கள் தூரத்திலிருந்தே கைகூப்பும் ராஜகோபுரம் ஒன்றே நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இன்று மாடி வீடுகளின் உச்சியில் வேறு விதமான கோபுரங்கள் இரும்புச் சட்டங்களால் எழும்பி நிற்கின்றன. அவை செல்போன் கம்பெனிகளின் கோபுரங்கள். அவை வேண்டாமென்று சொல்லுவார் ஒருவருமில்லை, நாமும் சொல்லவில்லை. தறிக்காரர் நூல் விலை விசாரிப்பதும், வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளை தாயாருடன் பேசுவதும் அவற்றின் உதவியால்தான். ஆனால் தறி ஓடும் ஓட்டுவீட்டுக்குச் சொத்து வரி உண்டு, பெட்டிக்கடைக்கு உண்டு, கோபுரத்தைத் தாங்கி நிற்கும் மாடிக்கும் உண்டு. மாடியின்மீது நிற்கும் இரும்புக் கோபுரத்தை மட்டும் அந்தச் சொத்தின் பாகமாகவே கருதலாகாது, சொத்து வரி, தீர்வை, கட்டணம் முதலியவற்றின் பொருட்டும் அப்படிக் கருதலாகாது என்று இந்தியப் பார்லிமெண்டு சட்டம் செய்திருக்கிறது. 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14-வது பிரிவு இது. 2024 ஜூன் 26-ந் தேதி முதல் அமுலில் இருந்துவருகிறது.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம். நமது அரசியல் சாசனத்தில் தந்தி, டெலிபோன், கம்பியில்லாத் தந்தி ஆகியவை மத்திய சர்க்காரின் ஜாபிதாவில் 31-வது இனமாக உள்ளன. நிலத்தின் மீதும் கட்டிடத்தின் மீதும் வரி விதிப்பது ராஜ்யங்களின் ஜாபிதாவில் 49-வது இனம். குஜராத் ராஜ்யம் தனது முனிசிபல் சட்டத்தைத் திருத்திச் செல்போன் கோபுரங்களுக்கு வரி விதிக்க இடம் செய்தது. கோபுரக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. டெலிபோன் மத்திய சர்க்காருக்கு உரியது, ஆகையால் கோபுரத்தை ராஜ்யம் தொடலாகாது என்பது அவற்றின் வாதம். குஜராத் ஹைக்கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. கோபுரமும் 49-வது இனத்தில் சொல்லிய கட்டிடத்தில் அடங்கும், ராஜ்யங்கள் வரி விதிக்கலாம் என்று 2016 டிசம்பர் 16-ந் தேதி தீர்ப்பளித்தது.

தேசத்தின் உச்ச நியாயஸ்தலத்தில் தோற்ற ஒரு வாதம், ஏழு வருஷங்களுக்குப் பின் சட்டத்தின் வாசகமாகவே மாறி வந்திருக்கிறது. கோர்ட்டில் வாதியும் பிரதிவாதியும் இருந்தார்கள். வக்கீல்களின் பெயர்கள் தீர்ப்பிலே அச்சாகியிருக்கின்றன. யார் என்ன சொன்னார் என்று எவரும் எடுத்துப் படிக்கலாம். 14-வது பிரிவுக்காக யார், எந்த அறையில், எந்த மந்திரியிடம் அல்லது காரியதரிசியிடம், என்ன நியாயம் எடுத்துரைத்தார் என்பதற்கு அப்படிப்பட்ட ஏடு ஒன்றும் கிடையாது. நமது புகார் இதுவே.

கம்பெனிகள் சர்க்காரிடம் தங்கள் குறைகளைச் சொல்லக்கூடாது என்பது நமது கட்சியன்று. மனுச் செய்துகொள்ளும் உரிமை நெசவாளர் சங்கத்துக்கு உண்டென்றால் டெலிபோன் கம்பெனிக்கும் உண்டு. நகரசபைக்கு நகரசபை வெவ்வேறு கட்டணம் கேட்டால் தொழில் எப்படி நடக்கும் என்று அவர்கள் கேட்பதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் நெசவாளர் மனுக் கொடுத்தால் ஊருக்கே தெரியும்; கலெக்டர் கச்சேரி வாசலில் வெயிலில் நின்றுதான் கொடுப்பார். மற்றவர்களோ புது டில்லியில் குளிர்ந்த அறைகளில் கொடுக்கிறார்கள். ஒரு மனுவைப் பொதுஜனங்கள் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. மற்றொன்று சட்டமாகி வரும்வரையில் அது மனு என்றே எவருக்கும் தெரிவதில்லை.

சட்டம் நிறைவேறிய விதத்தையும் சொல்லவேண்டும். 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம் அந்நிய ஆட்சியின் குழந்தை. அதற்குப் பதிலாக நம்மவர் செய்த சட்டம் ஒன்று வேண்டியதுதான். ஆனால் 138 வருஷத்துச் சட்டத்தை மாற்ற நமது பிரதிநிதிகள் எடுத்துக்கொண்ட காலம் எவ்வளவு? 2023 டிசம்பர் 18-ந் தேதி மசோதா பிரேரேபிக்கப்பட்டது. 20-ந் தேதி லோக்சபையில் நிறைவேறியது. 21-ந் தேதி ராஜ்யசபையில் நிறைவேறியது. 24-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. எந்தக் கமிட்டிக்கும் மசோதா அனுப்பப்படவில்லை. அந்தக் கூட்டத் தொடரில் இரு சபைகளிலுமாக எதிர்க்கட்சி அங்கத்தினர் 146 பேர் விலக்கிவைக்கப்பட்டிருந்தார்கள். நகரசபைகளின் வரி உரிமை என்னாகிறது என்று எழுந்து கேட்டிருக்கக்கூடிய பலர் சபைக்கு வெளியே நின்றார்கள். மூன்று நாளில் ஒரு வீட்டு வாடகைப் பத்திரத்தைக் கூட நாம் ஒழுங்காகப் பரிசீலிக்க மாட்டோம். வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இவ்விஷயத்தில் இரகசியமே விதி, வேறு வழியில்லை என்று சொல்லுவதற்கில்லை. பகிரங்கமாக நடத்தியபோது என்ன விளைந்தது என்பதற்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015-ல் பேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தான் பொறுக்கியெடுத்த சில இணையத் தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்டுவதாகச் சொல்லியது. பிறகு அதற்கு 'ஃப்ரீ பேஸிக்ஸ்' என்று பெயரிட்டது. இலவசம் என்ற சொல்லுக்கு மயங்காதவர் யார்? தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையமாகிய 'டிராய்', இத்தகைய வேறுபட்ட கட்டணங்களை அனுமதிக்கலாமா என்று அபிப்பிராயம் கேட்டது. வந்த கடிதங்களையெல்லாம் பிரசுரித்தது. பேஸ்புக் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. தன்னை உபயோகிப்பவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே எழுதிவைத்த ஆதரவுக் கடிதம் ஆணையத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்தது. லக்ஷக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. எதிர்த்தரப்பில் சம்பளமில்லாத சில வாலிபர்கள், இணையத்தில் எவருக்கும் தனி வாசல் கூடாது என்று விளக்கி ஜனங்களைத் திரட்டினார்கள். எல்லாம் வெளிச்சத்தில் நடந்தபடியால், ஒரே மாதிரிக் கடிதம் எது, யோசித்து எழுதியது எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஆயத்தக் கடிதங்களில் பதிலே இல்லை என்பதும் தெரிந்தது. 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் அத்தகைய கட்டணங்களைத் தடை செய்தது. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்று, திறந்த விசாரணையில் இந்தியப் பிரஜைகளிடம் தோற்றது.

மூடிய விசாரணைகளின் சரித்திரமோ வேறு மாதிரியானது. வருமான வரி இலாகா 2008, 2009-ம் வருஷங்களில் நீரா ராடியா என்ற அம்மையாரின் டெலிபோன் பேச்சுக்களைப் பதிவு செய்தது. டாட்டா கம்பெனிகளுக்கும் முகேஷ் அம்பானியின் கம்பெனிகளுக்கும் விளம்பர, தொடர்பு வேலைகளை ஏற்று நடத்தியவர் அவர். 2010 நவம்பரில் இரண்டு பத்திரிகைகள் அப்பேச்சுக்கள் சிலவற்றை வெளியிட்டன. 2009 மே மாதத்தில் புதிய மந்திரிசபை அமையும்போது எந்த இலாகா யாருக்கு என்பது பற்றிப் பத்திரிகைக்காரர்களுடனும் கட்சிக்காரர்களுடனும் அவர் பேசியது தேசத்தின் காதில் விழுந்தது. அந்த இலாகாக்களில் தொலைத்தொடர்பும் ஒன்று. அப்பேச்சுக்களில் குற்றம் எதுவும் காணவில்லை என்று மத்தியப் புலனாய்வு இலாகா 2022-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தெரிவித்தது. 2008 ஜனவரியில் வழங்கிய 122 லைசென்ஸ்களை 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்ததும், அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பெற்ற அனைவரையும் 2017 டிசம்பர் 21-ந் தேதி விசேஷக் கோர்ட்டு விடுதலை செய்ததும், அதன் மேல் அப்பீலை டில்லி ஹைக்கோர்ட்டு 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றதும் நேயர்கள் அறிந்தவை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: குற்றம் காணவில்லை என்றால், மந்திரி பதவி பற்றிக் கம்பெனிகளின் பிரதிநிதி பேரம் விசாரிப்பது நமது சட்டப்படி குற்றமல்ல என்றே பொருள். டெலிபோனில் ஒட்டுக்கேட்டுத்தான் பிரஜைகள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அது குடியரசுக்கு அழகா?

இது ஒரு கட்சியின் தோஷமுமல்ல. 1999-ல் டெலிபோன் கம்பெனிகள் தாங்களே ஏலத்தில் கேட்ட லைசென்ஸ் தொகையைக் கட்ட முடியாமல் தவித்தன. நிர்ணயத் தொகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும்படி கேட்டன. தொலைத்தொடர்பு மந்திரி ஜக்மோகன் அதற்கு இணங்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு வோட்டில் தோற்றுத் தற்காலிகமாக நீடித்துவந்த வாஜ்பாய் சர்க்கார், ஜூனில் அவரை வேறு இலாகாவுக்கு மாற்றியது. ஜூலையில் கம்பெனிகள் கேட்ட ஏற்பாடு வந்துவிட்டது. அதன் பின்னர் கட்டணம் குறைந்து ஏழைகளின் கைக்கும் டெலிபோன் வந்தது வாஸ்தவம். ஏற்பாடு நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் மறுத்த மந்திரி நகர்த்தப்பட்டதும், தேர்தலுக்குக் காத்திராமல் அது முடிவு செய்யப்பட்டதும் ஜனங்கள் மனத்தில் எழுப்பிய சந்தேகத்தை நல்ல பலன் எதுவும் அழிக்காது. வருமானத்தில் பங்கு என்று கேட்டு வாங்கிய அதே கம்பெனிகள், எது வருமானம் என்பது பற்றிப் பின்னர் பல வருஷம் வழக்காடி, 2019 அக்டோபர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தோற்றன. 2021 செப்டம்பரில் மந்திரிசபை வருமானத்தின் இலக்கணத்தையே வருங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்து, பாக்கி கட்ட நாலு வருஷத் தவணையும் அளித்தது. கோர்ட்டில் தோற்றதைச் செக்ரடேரியட்டில் ஜெயிப்பது இத்தொழிலில் பழகிப்போன வழக்கம் போலும்!

வடக்கே பார்த்து மட்டும் விரலை நீட்டுவது தமிழர்களுக்குச் சௌகரியமாயிருக்கும், நியாயமாயிராது. 2004 முதல் 2007 வரை இந்தியாவின் தொலைத்தொடர்பு மந்திரியாயிருந்தவர், இந்த ராஜ்யத்தின் மிகப் பெரிய டெலிவிஷன் ஸ்தாபனத்தின் அதிபருடைய சகோதரர். அந்தக் குடும்பத்தாரின் கேபிள் ஸ்தாபனம் உள்ளிட்டவற்றை எடுத்துக்கொள்வதற்கென 2006 ஜனவரியில் ஜெயலலிதாவின் சர்க்கார் சட்டசபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, கவர்னர் அதை ஜனாதிபதிக்கு அனுப்பிவைத்தார், சட்டமாகவில்லை. அடுத்து வந்த கருணாநிதி சர்க்கார், குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்த 2007-ல் அரசு கேபிள் கார்ப்பொரேஷனை ஆரம்பித்தது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமாயிற்று, கார்ப்பொரேஷனும் தூங்கிவிட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் மறுபடி விழித்துக்கொண்டது. ஒரு பொது ஸ்தாபனத்தின் ஜாதகம் ஒரு வீட்டின் கல்யாண விருந்தையும் கோபதாபத்தையும் பொறுத்து மாறியதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. இங்கே லாபிக்காரர் என்று தனியாக ஒருவர் தேவைப்படவேயில்லை.

2020-ல் நடந்ததும் மறக்கத்தக்கதல்ல. இந்த ராஜ்யத்தின் கிராமப் பஞ்சாயத்துக்கள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோக, சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு டெண்டர் விடப்பட்டது. டெண்டரின் நிபந்தனைகள் சிலருக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டன என்று அறப்போர் இயக்கத்தார் புகார் செய்தார்கள். அப்போதைய ராஜ்ய சர்க்கார் மறுத்தது. மத்திய சர்க்கார் விசாரித்து, டெண்டரை ரத்து செய்து புதிதாக விடும்படி 2020 ஜூனில் உத்தரவிட்டது. சண்டையில் காலம் வீணானது. சங்கரன்கோவிலைச் சுற்றிய கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் கொரோனா நோய்க் காலத்தில் பாடம் கேட்கச் சமிக்ஞை கிடைக்குமிடம் தேடி அலைந்த அதே வருஷம் அது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர் தெரியாமல் கட்சிகளுக்குக் கொடுக்க வகைசெய்த தேர்தல் பத்திர ஏற்பாட்டை 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சாசன விரோதம் என்று தள்ளியது. மார்ச் மாதத்தில் வெளியான ஜாபிதாவில் பாரதி ஏர்டெல் கம்பெனி நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் வாங்கியிருந்தது தெரிந்தது. அதே பாரதி கோஷ்டிக்கு ஒன்வெப் என்ற விண்கலக் கம்பெனியில் பங்கு உண்டு. விண்கலச் சேவைக்கு அலைவரிசையை ஏலமின்றிச் சர்க்காரே கொடுக்கலாம் என்று 2023-ம் வருஷத்துச் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்லுகிறது. இதில் ஒன்று மற்றதற்கு விலை என்று நாம் சொல்லவில்லை; சொல்லுவதற்குச் சாக்ஷியமும் இல்லை. அயல் தேசங்களிலும் விண்கல அலைவரிசைக்கு ஏலம் போடுவது வழக்கமல்ல என்ற சமாதானமும் உண்டு. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கவேண்டிய பொறுப்பு யாருடையது? இதே விஷயத்தில் ஏலமே வேண்டும் என்று வாதாடிய ஜியோ கம்பெனியும், ஏர்டெல்லும், 2025 மார்ச்சில் அடுத்தடுத்த நாட்களில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. நேற்று வரை தேச நலனின் பேரால் எடுத்துரைத்த வாதங்கள் எங்கே போயின என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் லாபிக்காரர்கள் பெயரைப் பதிந்து, யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று சொல்லவேண்டும் என 1995-ல் சட்டம் உண்டாயிற்று. அதனால் அங்கே ராமராஜ்யம் வந்துவிடவில்லை. வட கரோலினா ராஜ்யத்தில் வில்ஸன் என்ற சிறிய நகரம் தானே கண்ணாடி இழைக் கம்பி போட்டுத் தன் ஜனங்களுக்கு இணையம் கொடுத்தது. கேபிள் கம்பெனிகள் ராஜ்ய சட்டசபையை அணுகின. 2011-ல் நகரசபைகளின் கையைக் கட்டும் சட்டம் பிறந்தது. மத்திய ஆணையம் 2015-ல் அதை விலக்கப் பார்த்தது. அடுத்த வருஷம் கோர்ட்டு, ராஜ்யத்தின் அதிகாரத்தில் தலையிடலாகாது என்றது. 2017-ல் இணைய சமத்துவ விதியை நீக்குவது பற்றி அந்த ஆணையம் அபிப்பிராயம் கேட்டபோது வந்த 2 கோடியே 20 லக்ஷம் கடிதங்களில் சுமார் 1 கோடியே 80 லக்ஷம் போலி என்றும், அவற்றில் 85 லக்ஷம் கம்பெனிகளின் பணத்தால் தயாரானவை என்றும் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021-ல் அறிவித்தார். செத்தவர்கள் பெயரிலும் கடிதம் வந்ததாம்! ஆக, பதிவேடு சர்வரோக நிவாரணியல்ல. ஆனால் அங்கே நோய் இன்னதென்று கணக்குச் சொல்ல முடிகிறது. நமக்கோ நோயாளி யார் என்பதே தெரியாது.

இந்த நோய் நமது சீமைக்குப் புதிதல்ல. இந்த ஊருக்கு அருகிலுள்ள நெல்கட்டுஞ்செவலில் பூலித்தேவர் எந்தக் கப்பத்தைக் கட்ட மறுத்தாரோ, அந்தத் திருநெல்வேலிச் சீமையின் வரி ஆர்க்காட்டு நவாபுக்கும் அவர் மூலம் கும்பினிக்கும் போயிற்று. நவாபு முகம்மது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் கும்பினி உத்தியோகஸ்தர்களே. அவர்களில் பிரதானி பால் பென்பீல்டு. அந்தக் கடன்களைக் கர்நாடக தேசத்து வரியிலிருந்தே தீர்க்கும்படி இங்கிலாந்து மந்திரிசபை உத்தரவிட்டது. கடன் உண்மையா பொய்யா என்று பரிசீலனை கூடச் செய்யாததைக் கண்டித்து எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரி 28-ந் தேதி காமன்ஸ் சபையில் பேசினார். பென்பீல்டு தன்னையும் சேர்த்து எட்டுப் பேரைப் பார்லிமெண்டில் உட்காரவைத்திருக்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. நமது குடியானவன் கட்டிய வரி, கடல் கடந்து போய் அவனுக்கு விரோதமான வோட்டாக மாறியது. பூலித்தேவர் சங்கரநாராயணர் சந்நிதிக்குள் சென்று மறைந்தார் என்பது இவ்வூர் ஐதிகம். அவர் மறுத்த காரணத்தைச் சரித்திரம் பர்க் வாயால் சொல்லிற்று.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். ஒவ்வொரு மந்திரியும் காரியதரிசியும், ஒரு மசோதா சம்பந்தமாக யாரைச் சந்தித்தார்கள், என்ன எழுத்து மூலம் வாங்கினார்கள் என்பதை மசோதாவுடன் சபையின் மேஜைமேல் வைக்கவேண்டும் என்று சட்டம் வேண்டும். லாபிக்காரர்களைப் பதிவு செய்ய ஒடிசா அங்கத்தினர் கலிகேஷ் நாராயண் சிங் தேவ் ஒரு தனிநபர் மசோதாவைத் தயாரித்தார், சட்டமாகவில்லை. தமிழ்நாட்டு அங்கத்தினர் ஒருவர் அதைத் தூசிதட்டி எடுக்கட்டும். அடுத்து, 2023-ம் வருஷத்துச் சட்டம் டிராய் ஆணையத்தின் தலைவராகத் தனியார் கம்பெனியில் டைரக்டராகவோ பிரதம நிர்வாகியாகவோ இருந்தவரும் வரலாம் என்று இடம் செய்திருக்கிறது. திறமையுள்ளவர் வருவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் நேற்று ஒரு கம்பெனியின் கணக்கில் சம்பளம் வாங்கியவர் இன்று அதன் கட்டணத்தை நிர்ணயிப்பதாயின், நடுவில் சில வருஷங்களாவது இடைவெளி வேண்டாமா? ஃப்ரீ பேஸிக்ஸ் விஷயத்தில் நம்மைக் காத்த ஒரே வாசல் அந்த ஆணையந்தான்.

கோபுர வரி விஷயத்தில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 49-வது இனம் இன்னும் சாசனத்தில் இருக்கிறது. 2016-ம் வருஷத்துத் தீர்ப்பும் இருக்கிறது. ராஜ்யங்களுக்குச் சாசனம் தந்த வரி உரிமையைப் பார்லிமெண்டின் சாதாரணச் சட்டம் ஒன்று பறிக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம். 14-வது பிரிவு கோபுரத்தை மாடியின் பாகமல்ல என்றுதான் சொல்லுகிறது. கோபுரத்தைத் தனிக் கட்டிடமாகக் கொண்டு வரி விதிப்பதை அது தடுக்கிறதா என்பதும் வாதத்துக்குரியதே. இதைக் கோர்ட்டில் கேட்கவேண்டியவர் தமிழ்நாட்டு அட்வகேட் ஜெனரல். அவரைக் கேட்கச் சொல்லவேண்டியது சென்னை சர்க்கார். சென்னைக்கு எழுதவேண்டியது நகரசபைகள். சங்கரன்கோவில் நகரசபை அடுத்த சாதாரணக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, நகல் ஒன்றைத் தென்காசித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும், மற்றொன்றைப் பத்திரிகைகளுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். யார் பிரேரேபித்தார், யார் எதிர்த்தார் என்பதை நாம் பெயர்களுடன் பிரசுரிப்போம்.